லேப்டாப்பைக் கண்டால் மூக்கைத் தூக்கும் விமானம்

மூன்று வாரமாகத் தண்ணி காட்டிய கோளாறு போன ஞாயிற்றுக்கிழமைதான் பிடிபட்டது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

விமானம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். 1.4 மீட்டர் இறக்கை, ஒன்றேகால் கிலோ, எல்லாம் நுரை அட்டை. உள்ளே விமானத்தைத் தானே ஓட்டும் ஆர்டுபைலட் மென்பொருள் ஓடும் சின்ன போர்டு, மூக்கில் காற்று வேகம் பார்க்கும் பிட்டாட் குழாய், தரையில் உள்ள லேப்டாப்போடு பேச 866 மெகாஹெர்ட்ஸ் டெலிமெட்ரி ரேடியோ. 915 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ சுலபமாகக் கிடைக்கும்தான்; ஆனால் இந்த இரண்டில், நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியது 865-இல் தொடங்கும் அலைவரிசைப் பட்டைதான். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. மன்னார்குடியிலிருந்து கோட்டூர் பக்கம் போய், மேப்பில் பச்சை மண்டலம்தானா (முன் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக்கூடிய இடமா) என்று பார்த்துவிட்டு, ஒரு திடலில் 400 அடிக்குக் கீழேயே பறக்கவிடுவோம்.

கையால் ஓட்டினால் பறவை மாதிரி பறக்கும். ஆட்டோபைலட்டில் போட்டால் பெரும்பாலும் சற்று நேரத்தில் மூக்கு மெல்ல மேலே போகும், மோட்டார் சத்தம் அடங்கும், பிறகு ஒரு பக்க இறக்கை பொத்தென்று விழும். இரண்டு தடவை கையால் மீட்டேன். மூன்றாவது தடவை பக்கத்து உளுந்து வயலில் போய்ச் சொருகிக்கொண்டது.

வயல்காரர் வரப்பில் நின்று பார்த்தார். "தம்பி, இது மருந்து அடிக்கிற மெஷினா?"

"இல்லைங்கய்யா, சும்மா பறக்க விடுறது."

"சும்மாவா?" என்று கேட்டுவிட்டு, நான் மிதித்த செடிகளைப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் எடைச் சமநிலையைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் பிட்டாட் குழாயை ஊதிப் பார்த்தால் அடைத்திருந்தது. குளவி மண் வைத்திருந்தது! கண்டுபிடித்துவிட்டோம் என்று குதித்து, சுத்தம் செய்து பறக்கவிட்டால் மறுபடி அதே கதை. குளவிமேல் பழி போட்டதுதான் மிச்சம்.

துப்பு கொடுத்தவன் அண்ணன் மகன். "சித்தப்பா, லேப்டாப் சார்ஜ் இல்லாம போச்சே, அன்னிக்கு ஒரு தடவைகூட மூக்கைத் தூக்கலையே."

வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, பிட்டாட் குழாய்க்குப் பேனா மூடியை மாட்டி, யூஎஸ்பி வழியாக வேகத்தைப் பார்த்தோம். வினாடிக்கு 0-க்கும் 2 மீட்டருக்கும் நடுவில் ஆடியது. அது சகஜம். தரை ரேடியோவை இன்னொரு லேப்டாப்பில் சொருகினோம். இரண்டும் கைகோத்த நொடியில் எண் 10-க்குத் தாவியது. மேசைமேல் சும்மா கிடக்கிற விமானம், வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் போகிறேன் என்கிறது! விமானத்தில் உள்ள ரேடியோவின் திறனை 100 மில்லிவாட்டிலிருந்து எட்டில் ஒரு பங்காகக் குறைத்ததும் மூன்றரைக்கு இறங்கியது.

சென்சார் அனலாக் வகை. ஒரு கிலோபாஸ்கல் அழுத்தத்துக்கு 1 வோல்ட். வினாடிக்கு 10 மீட்டர் வேகம் என்றால் அழுத்தம் ஏறக்குறைய 60 பாஸ்கல். அதாவது வெறும் 60 மில்லிவோல்ட். இரண்டு விரல்கடை தூரத்தில் ரேடியோவின் ஆன்டெனா இருந்தால் அவ்வளவு நுழையாதா? சென்சார் ஒயரை அளந்தேன்: 17 சென்டிமீட்டர். 866 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் ஏறக்குறைய பாதி. நானே அதற்கு ஆன்டெனா கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மூக்கு ஏன் தூக்குகிறது என்பதும் இதில் விளங்கிவிட்டது. ஆட்டோபைலட்டிடம் நான் கேட்ட வேகம் 14. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்; உள்ளே நுழைந்த 60 பாஸ்கலும் சேர்ந்ததால், உண்மை வேகம் 10-க்கு வந்த பிறகும் சென்சார் 14 என்றே காட்டும். வேகம் கூடிவிட்டதாக நினைத்து ஆட்டோபைலட் மோட்டாரை அடக்கி மூக்கைத் தூக்கியது; பாவம், சொன்னதைத்தான் செய்தது. 10-இல் என் விமானம் காற்றில் தாங்காது, விழுந்துவிடும். பவர் கொடுத்ததும் சென்சார் அப்போது காட்டுவதையே சுழியமாக எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ரேடியோ இணைந்துவிட்டால் பிழையும் சேர்ந்து கழிந்துவிடும். லேப்டாப் இருந்தும் சில நாள் நன்றாகப் பறந்து என்னைக் குழப்பியது அதனால்தான். நிஜமான சிறு விமானங்களிலும் பைலட் மைக் பட்டனை அழுத்தியதும் ஆட்டோபைலட் உதறுவது உண்டு, சங்கதி கிட்டத்தட்ட இதேதான்.

சரிசெய்வதை ஒவ்வொன்றாகச் செய்தேன். ஒயரில் ரேடியோ இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம்: 10 என்பது 9 ஆனது, அவ்வளவுதான். ரேடியோவை வாலுக்கு மாற்றி, ஒயரை 6 சென்டிமீட்டராக வெட்டி முறுக்கினேன்: 3. சென்சாரின் கால்களிலேயே சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 பிகோஃபாரட் கெபாசிட்டரைப் பற்றவைத்தேன்: பழையபடி 0-2. ரேடியோ வாலுக்குப் போனதில் பின்பாரம் கூடியதால் பேட்டரியை முன்னால் நகர்த்த வேண்டியிருந்தது. அடுத்த விமானத்துக்கு டிஜிட்டல் சென்சார்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப் இணைப்போடு ஆட்டோபைலட்டில் 12 நிமிடம் சுற்றியது. வேகம் 14-ஐ ஒட்டியே நின்றது. கிளப்பும் முன் பேனா மூடியைக் கழற்ற மறந்திருந்தேன். அண்ணன் மகன்தான் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.