டேபிளில் கிடக்கும் கொடிக்கயிறு

அமெரிக்காவில் நான் இருக்கும் குடியிருப்பின் அசோசியேஷன் கூட்டத்தில் நடந்ததை எழுதி அனுப்பியிருந்தார்கள். பால்கனியில் கொடி கட்டித் துணி காயப்போட அனுமதி கேட்டு நான் கொடுத்த மனுவுக்கு எதிரே ஒரே சொல்: 'டேபிள்ட்'. போனில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தாலுகா ஆபீஸில் எழுத்தராகவே இருந்து ஓய்வுபெற்றவர். "டேபிளுக்கு வந்துடுச்சா? அப்போ பாதி வேலை முடிஞ்ச மாதிரிடா" என்றார்.

அடுத்த மாதப் பட்டியலில் கொடிக்கயிறையே காணோம். தலைவி அம்மாளிடம் கேட்டபோது, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: டேபிள் செய்வது என்றால் இப்போதைக்கு எடுக்காமல் தள்ளிவைப்பதாம். நம் பாஷையில், கிடப்பில் போட்டாகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. போகிற போக்கில், "கவலைப்படாதே, உன் இங்கிலீஷ் நன்றாகத்தான் இருக்கிறது" என்று தோளில் தட்டினார் பாருங்கள், அதுதான் சுருக்கென்றது.

அரையாண்டு லீவில்கூட ஆங்கிலப் பேப்பரை உரக்கப் படிக்கவைத்த வீட்டில் வளர்ந்தவன் நான். தணிக்கை அறிக்கை சட்டசபையில் டேபிள் ஆனது என்று பேப்பரில் வந்தால், தாக்கல் செய்துவிட்டார்கள், இனி எதிர்க்கட்சி கிழிக்கப்போகிறது என்று அர்த்தம். லண்டனிலும் அப்படித்தான். கனடா நாடாளுமன்றத்திலும் அதே வழக்கம். நயாகராவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால்தான் சொல் தலைகீழாகிறது. அமெரிக்க மக்களவையில் ஒரு தீர்மானத்தை டேபிள் செய்தால் அதோடு அதன் கதை முடிந்தது.

இதில் மாட்டிய ஒரு கூட்டத்தைப் பற்றிச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப்போர்ச் சமயம். பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு விஷயத்தை அவசரமாக எடுக்க வேண்டும் என்று 'டேபிள்' செய்யச் சொன்னார்கள். கிடப்பில் போடச் சொல்கிறார்கள் என்று அமெரிக்க அதிகாரிகள் எதிர்த்தார்கள். இரு தரப்பும் ஒரே காரியத்தைத்தான் விரும்புகிறார்கள் என்பது, வாக்குவாதம் நீண்டு கசப்பாகிப் போன பிறகுதான் தெரிந்தது. படித்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அப்புறம் வீம்புக்கு, கூட்டம் நடத்தும் முறையைச் சொல்லும் ராபர்ட் விதிகளையும் புரட்டினேன். ஹென்றி ராபர்ட் ராணுவப் பொறியாளர். 1863இல் மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொல்ல, எப்படி நடத்துவதென்று தெரியாமல் திண்டாடினார். அந்த அவமானத்தில் பிறந்து 1876இல் வெளிவந்த விதிகள்தான் இன்றைக்கும் இங்கே எத்தனையோ சங்கங்களை ஆட்டிவைக்கின்றன. அந்த விதிப்படி டேபிள் செய்வது, அதைவிட அவசரமான வேலை குறுக்கிட்டால் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைக்க மட்டும்தான். பிறகு பெரும்பான்மை இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளவேண்டுமென்றால் 'போஸ்ட்போன்' என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. ஆக, அவர்கள் ஊர் இங்கிலீஷின்படியே அந்த அம்மாள் செய்தது சரியில்லை! இதைச் சொன்னால் கொடிக்கயிறு கிடைக்காது என்பதால் வாயைத் திறக்கவில்லை.

மற்றபடி இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. பனி தள்ளப் பழகிவிட்டது, டிரையரும் பழகிவிட்டது. ஆனால் வேட்டியை அதில் போட்டு எடுத்தால் தேர்வடம் போல முறுக்கிக்கொண்டு வருகிறது. ஊரில் மொட்டைமாடியில் நீல நைலான் கயிறு, நடுவில் முட்டுக்கு ஒரு மூங்கில். நாலு தூறல் விழுந்தால் போதும், தெருவில் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து "துணி எடுங்கடி!" என்று சத்தம் வரும். எல்லா வீட்டுப் படியிலும் தடதடவென்று கால்கள். வெயிலில் காய்ந்த போர்வைக்கு ஒரு மொறமொறப்பு இருக்குமே, அதற்கு டிரையரில் வாசனைத் தாள் போட்டு என்ன பிரயோஜனம்? இந்த நாட்டிலேயே ஃப்ளோரிடாவில் கொடிக்கயிற்றைத் தடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நான் வந்து சேர்ந்தது நியூ ஜெர்சி.

அப்பாவிடம் விஷயத்தை விளக்கினேன். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, "எங்க ஆபீஸ்லயும் டேபிளுக்குப் போன ஃபைல் எத்தனையோ அங்கேயே கிடந்திருக்கு. அந்த ஊர்க்காரங்க வெளிப்படையாச் சொல்றாங்க, அவ்வளவுதான்" என்றார். உடனே பழைய உத்தியோகம் திரும்பிவிட்டது. "ஒரு நினைவூட்டுக் கடிதம் போடு. மேலே பொருள், பார்வை ரெண்டும் எழுது. பார்வையில முதல் மனுவோட தேதி வரணும்."

அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, 'போஸ்ட்போன்' செய்தால் தேதி குறிப்பிடவும் என்று கேட்டு அனுப்பினேன். அப்பாவுக்கு இன்னும் ஒரு குறைதான். நகல் ஏன் யாருக்கும் போடவில்லை?