கூரையும் ஒரு விகுதியும்

பெருவின் ஆண்டிஸ் மலையூர் ஒன்றில் ஆலயக் கூரையைப் பற்றிக் கூடிய ஊர்க்கூட்டத்தில், அங்கே கத்தோலிக்கப் பங்குக் குருவான நான், கெச்சுவா மொழியில் "ருவாசக்கு" என்றேன். "ருவாசுன்சிஸ்" என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். இரண்டுக்கும் 'செய்வோம்' என்றுதான் பொருள். ஆனால் முதல் சொல்லில் கேட்பவருக்கு இடமில்லை, இரண்டாவதில் உண்டு. சுவரோரம் தரையில் உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருந்த மூதாட்டி, தக்ளி சுழல்வதை நிறுத்தாமலே கேட்டார்: "தய்த்தாய் (அப்பா), அந்த நாங்கள் யார் யார்?"

தமிழ் பேசுகிறவனுக்கு இந்தப் பிழை வரக்கூடாது. நாம், நாங்கள் என்ற வேறுபாட்டை நம் வீட்டுக் குழந்தை மூன்று வயதிலேயே தடுமாறாமல் சொல்லும். கெச்சுவாவிலும் அப்படியே: நொக்கன்சிஸ் என்றால் நாம், நொக்கய்கு என்றால் நாங்கள். ஸ்பானியத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். 1560-இல் முதல் கெச்சுவா இலக்கணத்தை அச்சிட்ட தொமினிக்கத் துறவி தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் இந்த வேறுபாட்டை விளக்கி எழுத வேண்டியிருந்தது. அவர் காதுக்கு அது புதிது. என் காதுக்குப் புதிதல்ல. ஆனால் நான் கெச்சுவா படித்தது ஸ்பானியப் பாடப்புத்தகத்தின் வழியாக. மனம் முதலில் ஸ்பானியத்துக்குப் போய், அங்கிருந்து கெச்சுவாவுக்கு இறங்கும். இறங்கும் வழியில் அந்த வேறுபாடு உதிர்ந்துவிடும். கூட்டம் முடிந்த அன்றிரவு எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான்.

அந்தச் சமாதானம் நிற்கவில்லை. செபங்களில் நான் ஒருநாளும் பிழை செய்ததில்லையே. கர்த்தர் கற்பித்த செபம் கெச்சுவாவில் "யாயாய்கு" என்று தொடங்குகிறது: எங்கள் தந்தையே. கடவுளைப் பார்த்துப் பேசும்போது அவர் 'நம்'மில் ஒருவரல்ல, ஆகவே 'எங்கள்'. மறையுரையில் மக்களைப் பார்த்துப் பேசும்போது "தியோஸ்நின்சிஸ்", நம் கடவுள். தமிழிலும் அதே கணக்கு: "எங்கள் தந்தையே" என்று செபிக்கிறோம், "நம் ஆண்டவர்" என்று போதிக்கிறோம். லீமாவில் கூடிய மூன்றாம் ஆயர் சங்கம் (1582–83) ஏற்பாடு செய்த ஸ்பானிய, கெச்சுவா, அய்மாரா மும்மொழி மறைக்கல்வி நூல் 1584-இல் லீமாவில் அச்சானது. தென்னமெரிக்காவில் அச்சான முதல் புத்தகம் அது. அதற்கு ஆறு ஆண்டு முன்பு, 1578-இல், கொல்லத்தில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸின் தமிழ் மறைநூல் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. இரண்டு கரையிலும் அந்த நாள் துறவிகள் 'எங்கள்' எங்கே, 'நம்' எங்கே என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். பீடத்தில் அது எனக்குச் சரியாக வருகிறது. கூரையைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஏன் தவறியது?

தவறவில்லை என்பதுதான் இப்போது என்னை உறுத்துகிறது. வாய் உள்ளதைச் சொல்லிவிட்டது. கூட்டத்துக்குப் போகும்போதே முடிவு என் பையில் இருந்தது. 126 கூரைத் தகடுகளுக்கு விலைப்பட்டியல் வாங்கியாகிவிட்டது, உதவித்தொகைக்கு விண்ணப்பமும் போய்விட்டது.

கணக்கைச் சொல்கிறேன், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சுவரோடு சேர்த்து 8 மீட்டர் அகலம், முன்பின் இறவாரத்தோடு 15 மீட்டர் நீளம். மண்கல் சுவர் 80 சென்டிமீட்டர் கனம். பழைய கூரை இச்சுப் புல். இச்சு வேய வேண்டுமானால் சரிவு 45 பாகைக்குக் குறையக்கூடாது. குறைந்தால் மழைநீர் வழியாமல் ஊறி, உள்ளிருந்து மக்கும். அந்த ஆலயத்தில் அதுதான் நடந்திருந்தது: மரம் தொய்ந்து, சரிவு படிந்து, பீடத்துக்கு நேர்மேலே ஒழுகியது. மண்சுவரின் தலையில் நீர் இறங்கினால் பிறகு ஆலயமே இல்லை. கலாமினாவுக்கு, அதாவது துத்தநாகம் பூசிய நெளிவுத் தகட்டுக்கு, 30 பாகை போதும். இங்கே கடையில் கிடைக்கும் தகடு 1.80-க்கு 0.83 மீட்டர். பக்கவாட்டில் ஒன்றரை நெளிவு ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், மேல்கீழாக 15 சென்டிமீட்டர். ஒரு சரிவுக்கு மூன்று வரிசை, வரிசைக்கு 21. இருபுறமும் சேர்த்து 126. வழியில் நெளிந்துபோவதற்கு ஆறு கூடுதல்.

இச்சுவை ஏன் விட்டேன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. நெடும்புல் வளர்ந்த மேட்டு நிலங்களில் இப்போது மேய்ச்சல் அதிகம். தீ வைத்துக் கொளுத்துவதும் உண்டு. வேய்வதற்கு ஏற்ற நீளத்தில் புல் கிடைக்க இரண்டு மணி நேரம் மேலே ஏற வேண்டும். வீட்டுக்கு இத்தனை கட்டு என்று ஊர் பிரித்துக்கொண்டாலும் அறுக்கக் கையில்லை. இளைஞர்கள் குஸ்கோ நகரத்துக்கும், மாத்ரே தெ தியோஸ் பக்கம் தங்கம் அரிக்கவும் போய்விடுகிறார்கள். திருவிழா இரவில் மெழுகுவர்த்தியும் வாணமும் புற்கூரைக்கு அடியில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய கூரையா, ஒழுங்காக அடித்தால் ஒரு தலைமுறை தாங்கும் கூரையா என்று கேட்டால் நான் இன்றும் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஆனால் கூட்டத்தில் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. அதற்கு விடையைத்தான் நான் கொண்டு போயிருந்தேன்.

அங்கே கூட்டம் எப்படி நடக்கும் என்பதைச் சொன்னால்தான் இது புரியும். முதலில் கோக்கா இலைப் பை சுற்றி வரும். நல்ல இலை மூன்றாக எடுத்து அடுக்கி, இரண்டு கையாலும் நீட்டுவார்கள். வாங்குவதும் இரண்டு கையால்தான். அதன்மேல் மெல்ல ஊதி, மலைகளை நினைத்துக்கொண்டு வாயில் இடுவார்கள். அந்த நேரம் யாரும் பேசுவதில்லை. அதன்பின் ஊர்த்தலைவர், அதன்பின் வயதானவர்கள், கடைசியில்தான் விருந்தாளி. அன்று எனக்கு நேரமில்லை. மதியத்துக்குமேல் ஆலங்கட்டி மழை பிடித்தால் இறங்கும் பாதையில் வண்டி நிற்காது, இருட்டுவதற்குள் அடுத்த ஊரில் இறந்தவர் வீட்டுத் திருப்பலி வேறு. இலை சுற்றி முடியுமுன்னே எழுந்து பேசினேன். பேசிய விதமும் அந்த விகுதியும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகவே அமைந்துவிட்டன.

இன்னொன்றை நான் வெகுநாள் கழித்துத்தான் கூட்டிப் பார்த்தேன். அந்த மூதாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பெருவின் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது 1969 ஜூன் 24-இல். அதற்கு முன்பு அந்தச் சரிவுகளெல்லாம் பண்ணையார்களிடம் இருந்தன. குடும்பங்கள் கூலியில்லாமல் வாரத்தில் பல நாள் உழைத்துக் கொடுத்தன. ஊர் கூடிச் செய்யும் பொதுவேலைக்கு இன்று ஃபாயெனா என்று பெயர். பண்ணை நாட்களில் கட்டாய உழைப்புக்கும் அதே பெயர்தான். மேலேயிருந்து ஒருவர் எழுந்து "கூரை போடப்போகிறோம்" என்று சொல்ல, கீழே உள்ளவர்கள் கல்லும் மரமும் சுமந்த நாட்களை அவர் சிறுமியாகப் பார்த்திருப்பார். அவர் கேட்டது இலக்கணத் திருத்தமா, அந்த ஞாபகமா, வெறும் விவரமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒருவேளை தகட்டுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று மட்டும்தான் கேட்டாரோ என்னவோ. அப்படியானால் நான் தேவைக்கு மேல் அலட்டிக்கொள்கிறேன்.

நான் சொன்ன பதில்: "பங்கும் நானும், மாமாய் (அம்மா)." சொன்ன மாத்திரத்தில் தவறு தெரிந்தது. உடனே, "இல்லை, ருவாசுன்சிஸ், எல்லாரும் சேர்ந்து செய்வோம்" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "ஆரி, தய்த்தாய்" என்றார். ஆம், அப்பா. தக்ளி சுழன்றுகொண்டே இருந்தது.

முதலில் சொன்ன "நாங்கள்" உண்மையாவது. இரண்டாவதாகச் சொன்ன "நாம்" என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தீர்மானித்தபோது அவர்கள் இல்லை, சுமக்கும்போது மட்டும் இருப்பார்கள். திருத்திச் சொன்னதைவிடத் திருத்தாமல் விட்டிருந்தால் நேர்மையாக இருந்திருக்குமோ என்று ஒருநாள் தோன்றுகிறது. மறுநாள், எல்லாரும் சேர்ந்து செய்தோம் என்பதும் உண்மைதானே என்று தோன்றுகிறது.

சேர்ந்துதான் செய்தோம். ஜூலையில், மழையற்ற பருவத்தில், இரண்டு நாள் ஃபாயெனா. மக்கிய மரத்தை இறக்கி யூக்கலிப்டஸ் கழிகளை ஏற்றினோம். குறுக்குச் சட்டம் 85 சென்டிமீட்டருக்கு ஒன்று. ஆணியை நெளிவின் மேட்டில்தான் அடிக்க வேண்டும், ரப்பர் வளையம் வைத்து. பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை போட்டதாகிவிடும். ஓரத் தகடுகளைக் காற்று தூக்காமல் இருக்க, சுவர்த்தலையில் சுற்றிலும் பதித்த மரச்சட்டத்தோடு தடித்த கம்பியால் கட்ட வேண்டும். அந்தச் சட்டம் நிலநடுக்கத்திலும் மண்சுவர்கள் தனித்தனியே விரிந்து விழாமல் பிடித்துக்கொள்ளும். பெண்கள் வேகவைத்த உருளைக்கிழங்கையும் சுன்யோவையும் போர்வைத் துணியில் கொட்டி நடுவில் விரித்தார்கள். பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைத்த கிழங்குதான் சுன்யோ. அந்த மூதாட்டியும் ஒரு மூட்டை கொண்டுவந்தார்.

கூரை ஒழுகவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒழுகியிருந்தால் என் மனக்கலக்கத்துக்கு ஒரு எளிய காரணம் கிடைத்திருக்கும். வேலை நன்றாகவே அமைந்தது. ஆனால் ஆலங்கட்டி பெய்யும்போது உள்ளே பேச்சு கேட்காது. வெறும் தகடு பறை போல அதிரும். மறையுரையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரவில் மக்கள் தங்கிச் செபித்தால், மூச்சின் ஈரம் குளிர்ந்த தகட்டின் அடியில் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் சொட்டும். புற்கூரையில் இந்த இரண்டும் இல்லை. தகட்டுக்கு அடியில் நாணலைப் பரப்பி, புல் கலந்த மண்ணை மெல்லிய பாளமாகப் பூசினால் சத்தமும் குளிரும் வெகுவாக அடங்கும். பாரம் கூடும், கழிகளை நெருக்கிப் போட வேண்டும். ஆனால் புல்லும் மண்ணும் அங்கேயே உண்டு, அதைக் கலக்கத் தெரிந்தவர்களும் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள். இலை சுற்றி முடியும்வரை உட்கார்ந்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்களோ? சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

அந்தக் கூரைக்குக் கீழே நான் நிற்பது வருடத்துக்கு மூன்று, நான்கு நாள். நாற்பதுக்கு மேற்பட்ட ஆலயங்கள் உள்ள பங்கில் அதற்குமேல் முடியாது: பாதுகாவலர் திருவிழா, கல்லறைத் திருநாளை ஒட்டி ஒருநாள், திருமுழுக்குக்கு ஒருநாள். போகும் நாட்களில் கவனமெல்லாம் சின்னச் சின்னக் காரியங்களில் போய்விடும். ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் ஆலிவ் எண்ணெய் குளிரில் இறுகிவிடும். ஆகவே திருஎண்ணெய்ச் சிமிழைக் காலையிலிருந்தே உள்சட்டைப் பையில் உடம்போடு வைத்திருக்க வேண்டும். திருமுழுக்குத் தண்ணீரைத் தெர்மாஸில் கொண்டுபோய் வெதுவெதுப்பாக விளாவிக்கொள்ள வேண்டும். ஐஸ்போன்ற நீரைக் குழந்தை தலையில் ஊற்றினால் தாய் அடுத்த குழந்தையைக் கொண்டுவர மாட்டாள். மூச்சு சிறுத்துப்போவதால் மறையுரை பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் கவனித்திருக்கிறேன். மற்ற ஞாயிறுகளில் அங்கே செபம் நடத்துவது வேதியர், அதாவது மறைக்கல்வி கற்பிப்பவர். ஆலங்கட்டிச் சத்தத்தோடு மல்லாடுவதும் அவர்தான்.

மன்னிப்புக்குக் கெச்சுவாச் சொல் பம்பச்சய். பம்பா என்றால் சமவெளி. மேடு பள்ளத்தை நிரவுவதுதான் மன்னித்தல். எத்தனையோ பாவசங்கீர்த்தனங்களில் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன், அந்த மூதாட்டியிடம் கேட்டதில்லை. கேட்பதற்கு அது அவ்வளவு பெரிய குற்றமா என்றும் தயக்கம். ஒரு விகுதிக்காக ஒரு குருவானவர் வந்து நின்று மன்னிப்புக் கேட்டால் அவர் சங்கடப்படக்கூடும். அவருக்கு அது நினைவிருக்கிறதோ இல்லையோ.

பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் இன்னொரு ஆலயத்தின் கூரை தொய்ந்து வருகிறது. மே மாதம் மழை ஓய்ந்ததும் கூட்டம். அளவு எடுக்கப் போகலாமா என்று வேதியர் கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன். பிறகு இரவில் உட்கார்ந்து, போன முறை போனபோது கண்ணால் மதித்து வைத்திருந்த நீள அகலத்தை வைத்துத் தகடு எத்தனை வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 112 வந்தது. அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, மடித்து வைத்திருக்கிறேன்.