ஆட்டு ஈ கண்ணில் அடித்தால்: புழுவை எடுத்து முடிக்கும்வரை

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோவில் பக்கத்துக் கொறங்காடுகளில் (வேலியடைத்த மேய்ச்சல் காடுகளில்) இருந்து கண் பரிசோதனைக்கு வருபவர்கள் பல நேரம் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "போற போக்குல என்னமோ சுளீர்னு கண்ணுல அடிச்சுதுங்க. தொடச்சுட்டு வந்துட்டேன். கொஞ்ச நேரத்துல உறுத்த ஆரம்பிச்சு, இப்ப உள்ள ஊறுறாப்பல இருக்குதுங்க." இதைக் கேட்டதும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, பக்கத்தில் ஆட்டுப்பட்டி இருந்ததா என்பதுதான்.

அடித்தது ஈஸ்ட்ரஸ் ஓவிஸ் என்ற ஆட்டு ஈயாக இருக்கலாம். சாம்பல் நிறம், தேனீ அளவு. இது முட்டை இடுவதில்லை. முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரிந்துவிடும். செம்மறி, வெள்ளாடுகளின் மூக்கருகே பறந்துகொண்டே ஒரு துளி நீரோடு புழுக்களைப் பீய்ச்சிவிட்டுப் போகும். அந்தத் துளி மனிதக் கண்ணில் விழுந்தால்தான் இந்தத் தொல்லை. ஆடு வளர்ப்பவருக்குத்தான் வரும் என்றில்லை, பட்டியைக் கடந்து வண்டியில் போனவருக்கும் வரும். மனிதக் கண்ணில் இந்தப் புழு முதல் பருவத்தைத் தாண்டி வளராது. பெரும்பாலும் 10 நாளுக்குள் தானே செத்துவிடும். அதுவரை காத்திருக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அதன் வாயில் இரண்டு கறுப்புக் கொக்கிகளும், உடலின் அடிப்பக்கம் வரிசையாக முட்களும் உண்டு. நகரும்போதெல்லாம் வெண்படலத்தையும் கருவிழியையும் கீறும்.

இதை மெட்ராஸ் ஐ என்று எடுத்துக்கொண்டு சொட்டு மருந்து வாங்கிப் போடுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. சிவப்பு, நீர் வடிதல், இமை வீக்கம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் மெட்ராஸ் ஐ வீட்டிலோ பள்ளியிலோ யாருக்காவது வந்து, பிறகு ஒட்டிக்கொள்ளும். பூளை அதிகம் கட்டும், பெரும்பாலும் அடுத்த கண்ணுக்கும் போகும். புழு விழுந்த கண்ணில் தொல்லை எப்போது ஆரம்பித்தது என்று நேரம் சொல்ல முடியும். பெரும்பாலும் ஒரு கண்ணோடு நிற்கும். இது அடுத்தவருக்கு ஒட்டாது. வீட்டில் துண்டு, தலையணையைத் தனியாக வைக்கத் தேவையில்லை.

வீட்டில் செய்யக்கூடியது சுத்தமான தண்ணீரில் கண்ணைக் கழுவுவது மட்டும்தான். கழுவினால் எல்லாம் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம், கொக்கி போட்டிருக்கும் புழு தண்ணீருக்கு அசையாது. விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதையும் விடாதீர்கள். துணி முனையால் துழாவாதீர்கள், கசக்காதீர்கள். மெடிக்கலில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து கேட்டு வாங்குவது எல்லாவற்றையும் விட ஆபத்து. உறுத்தலுக்குக் காரணம் சோளத்தட்டோ மக்காச்சோளத் தோகையோ கிழித்த பூஞ்சைப் புண்ணாக இருந்தால், அந்த மருந்து புண்ணை வேகமாக வளர்த்துவிடும்.

ஆஸ்பத்திரியில் "கண் சிவந்திருக்குது" என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கே, எந்த நேரத்தில், என்ன அடித்தது, பக்கத்தில் ஆடு இருந்ததா என்பதைச் சொல்லுங்கள். இந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் பார்ப்பவர் இமையைப் புரட்டாமலே அனுப்பிவிடக்கூடும். புழுவின் நீளம் சுமார் 1 மில்லிமீட்டர், அதுவும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். கறுப்புக் கொக்கி மட்டும்தான் கண்ணுக்குப் படும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியாது, ஒளிக்கீற்றைப் பாய்ச்சிக் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவி வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தப் புழு வெளிச்சத்துக்குப் பயந்து ஓடும். பளிச்சென்று விளக்கைப் போட்டால் எல்லாம் இமையின் உள்மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும், கண் சுத்தமாக இருப்பதுபோல் தோன்றும். அதனால் முதலில் விளக்கைக் குறைத்து, ஒளிக்கீற்றை ஒடுக்கி வைத்துப் பார்க்க வேண்டும். கீழ் மடிப்பு, மூக்குப் பக்கத்துச் சதை மடிப்பு, பிறகு மேல் இமையைப் புரட்டிப் பார்ப்பது என்ற வரிசை எங்களுக்கு ஒத்துவருகிறது. மேல் இமையை ஒருமுறை புரட்டினால் போதாது. டெஸ்மார்ஸ் ரிட்ராக்டர் என்ற இமை தூக்கும் கருவியை வைத்து இரண்டாம் முறையும் மடித்துத் தூக்கினால்தான் ஆழத்து மடிப்பு தெரியும். தவறவிடும் புழு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எடுப்பதற்கு முன் 0.5 சதவீதப் புரோபரகெய்ன் என்ற மரப்பு மருந்துத் துளி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. நோயாளிக்கு வலி மரக்கும், புழுவின் ஓட்டமும் தளரும். முனை மழுங்கிய நுண்ணிய இடுக்கியால் உடம்பைப் பிடித்து, இழுத்துப் பறிக்காமல் மெதுவாகக் கொக்கி விடும்வரை தூக்க வேண்டும். அவசரப்பட்டால் பிய்ந்துபோய்த் தலைப்பகுதி உள்ளே தங்கி, அழற்சி நீடிக்கும். ஒன்றிரண்டு இருக்கலாம், இருபதும் இருக்கலாம். கண்ணில் பட்டதெல்லாம் எடுத்த பிறகு, ஈரப்பஞ்சு முனையால் மடிப்புகளைத் துடைத்து, சலைனால் நன்றாகக் கழுவுகிறோம். எடுத்தவற்றை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் எந்த ஈ என்பது உறுதியாகும்.

பிறகு ஃபுளோரசீன் சாயம் விட்டு, கருவிழியில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாப்பாவை விரித்து விழித்திரையையும் பார்க்க வேண்டும். அந்த மருந்து போட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், அதனால் வண்டி ஓட்ட இன்னொருவர் கூட வருவது நல்லது. ஆட்டு ஈயின் புழு கண்ணுக்குள் துளைத்துப் போவது மிக அரிது. உள்ளே போவது பெரும்பாலும் குளிர் நாடுகளில் மாட்டுத் தோலில் வளரும் ஹைப்போடெர்மா வகை ஈயின் புழு. இருந்தாலும் பார்வை குறைவது, மின்னல் வெட்டுவது, கறுப்புப் புள்ளி மிதப்பது என்று ஏதாவது இருந்தால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. வீட்டுக்குப் போகும்போது ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து கொடுப்பார்கள். வீக்கம் அதிகமென்றால் டாக்டர் பார்த்துச் சில நாளைக்கு லேசான ஸ்டீராய்டும் சேர்ப்பார்.

மறுநாள் கட்டாயம் திரும்ப வர வேண்டும். உறுத்தல் பாதி குறைந்ததுமே வராமல் விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு புழு மிஞ்சியிருந்தாலும் கண் ஆறாது. மறுநாளும் இமையை இரண்டு மடிப்பும் புரட்டி, புழு இல்லை என்று பார்த்த பிறகுதான் முடிந்தது என்போம்.

படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரின் இமையில் புண்ணோ கட்டியோ இருந்து அதில் புழு வைத்தால் அது வேறு நோய். கிரைசோமியா பெசியானா என்ற ஈ புண்ணில் முட்டையிடும், ஒரு நாளுக்குள் பொரிந்து உயிருள்ள சதையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். கண்ணையே இழக்க நேரலாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். புழு வெளியே வரட்டும் என்று டர்பென்டைனை வீட்டில் ஊற்றினால் கருவிழி வெந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்குப் பகலிலும் கொசுவலை கட்டி, புண்ணைக் காஸ் துணியால் மூடி வையுங்கள்.

இனி ஆடுகள். வெயில் நேரத்தில் ஆடுகள் ஒன்றோடொன்று நெருங்கி, மூக்கை அடுத்ததன் வயிற்றுக்கடியில் புதைத்து, காலைத் தட்டிக்கொண்டு நின்றால் ஈ சுற்றுகிறது என்று பொருள். தொடர்ந்து தும்மி, மூக்கில் சளி ஒழுகினால் உள்ளே புழு இருக்கலாம். கால்நடை மருத்துவர் ஐவர்மெக்டின் ஊசியைத் தோலுக்கடியில் போடுவார். ஒரு சதவீத மருந்தென்றால் 25 கிலோ ஆட்டுக்கு 0.5 மில்லி. போட்டபின் கறிக்கு விற்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தும்மலில் மண்ணில் விழும் 2, 3 சென்டிமீட்டர் புழுவை நசுக்கிவிட்டால் அது ஈயாக மாறாது. தலைக்கறி சுத்தம் செய்யும்போது மூக்குக்குள் இருக்கும் பெரிய புழுவும் இதுதான். அது கண்ணில் ஏறாது, பயப்பட வேண்டாம். கண்ணுக்கு வருவது பறக்கும் ஈயிடமிருந்து மட்டுமே. ஆகவே வெயிலில் பட்டிக்குள் போகும்போது பக்கவாட்டும் மறைக்கிற கண்ணாடி போடுங்கள், பட்டியோரம் வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.