1/5 அளவு ஆர்சி கார்: பின் டிஃப் கியர், பினியன், ஷாஃப்ட் மாற்றியது

வண்டி ரிமோட்டில் ஓடும் 1/5 அளவு, நாலு சக்கர ஓட்டம், 8எஸ் லிப்போ (எட்டு செல் பேட்டரி), 800 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 800 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார். பேட்டரியோடு பத்து கிலோ தாண்டும். பின் டிஃபில் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர் தொகுதி) 'கடகட'வென்று சத்தம், அதுவும் த்ராட்டில் அழுத்தும்போது மட்டும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஒன்றும் கேட்காது. லோடு ஏறினால் மட்டும் வரும் சத்தம் என்றால் பல் மேல் பல் ஏறி விழுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

திறந்து பார்த்தால் அதேதான். ரிங் கியரில் (டிஃபோடு சுழலும் பெரிய பல்சக்கரம்) பல்லின் நுனி மட்டும் உருண்டு மழுங்கியிருக்க, அடிப்பாகத்தில் தேய்மானமே இல்லை. பல் முழு ஆழத்துக்குக் கடிக்காமல் நுனியிலேயே ஓடியிருக்கிறது. இந்த நிலையில் எவ்வளவு கெட்டியான ஸ்டீல் கியர் போட்டாலும் அதே இடைவெளியில் அதுவும் மழுங்கும். டிஃப் கியர் மாற்றியும் பத்து பேட்டரி தாங்கவில்லை என்ற புலம்பலுக்கு, பெரும்பாலும் ஷிம் (இடைவெளியை அடைக்கும் மெல்லிய வளையத் தகடு) போடாமல் மூடியதுதான் காரணம்.

பவர் ஏறும்போது கோணப் பற்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். பினியன் (ரிங்கைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) பின்னால் நகரப் பார்க்கும், ரிங் பக்கவாட்டில் ஒதுங்கப் பார்க்கும். பேரிங்கில் ஏற்கனவே ஆட்டம் இருந்தால் அந்த நகர்வுக்கு வழி கிடைத்துவிடும். அதனால் கியர் மாற்றும்போது பினியன் பேரிங்குகளையும் சேர்த்து மாற்றியாயிற்று. ரிங்கையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழையதோடு புதியது சேராது.

ஷிம் வேலைதான் அதிக நேரம் பிடித்தது. ரிங் கியரின் முதுகுப் பக்கத்து பேரிங்கை ஒட்டி 0.2 மி.மீ. ஷிம் வைத்தால் ரிங் பினியனை நோக்கி நகரும். பெட்டியை மூடி, ஸ்க்ரூ எல்லாம் முறுக்கிய பிறகு கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பாதி முறுக்கில் பார்ப்பது வீண். முதல் ஷிம்முக்குப் பிறகும் ஆட்டம் இருந்தது. இரண்டாவது போட்டதும் ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் இறுகியது. ரிங் கியர் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பார்த்தால் அடியில் பழைய த்ரெட் லாக் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்து, ஸ்க்ரூக்களை எதிரெதிராக முறுக்கியதும் இறுக்கம் போயிற்று. பினியனைப் பிடித்துக்கொண்டு ரிங்கை அசைத்தால் மெல்லிய 'டிக்' கேட்க வேண்டும், அவ்வளவு ஆட்டம் போதும். மறுபக்கத்தில் பக்கவாட்டு இடைவெளி மிச்சமிருந்தால் அங்கே 0.1 மி.மீ. ஷிம். அதற்கு மேல் திணித்தால் பேரிங் நெருக்குப்பட்டுச் சூடாகும்.

டிஃபுக்குள் ஊற்றும் சிலிக்கான் ஆயில் (எண் கூடினால் கெட்டி கூடும்): முன் டிஃப் 60,000, நடு 2,00,000, பின் 30,000. நடுவில் கெட்டியாக இருந்தால் முன் சக்கரம் சும்மா சுழன்று டயர் ஊதுவது குறையும். உள் கியர்கள் முங்கும் அளவுக்கு ஊற்றி, குமிழி அடங்க அரை மணி நேரம் விட்டுப் பிறகு மூடலாம். விளிம்பு வரை நிரப்பினால் சூட்டில் விரிந்து ஓ-ரிங் வழியாகக் கசியும்.

மோட்டார் பினியனை 20 பல்லிலிருந்து 22 ஆக்கியும் பார்த்தாயிற்று. அது சுழற்றும் பெரிய சக்கரமான ஸ்பர் 50 பல். இது மாட்யூல் (பல்லின் அளவு) 1.5 பல், மாட்யூல் 1 பினியனோடு கடிக்காது, வாங்கும்போது கவனம். இரண்டு பல் கூடினால் மோட்டார் 1.5 மி.மீ. பின்னுக்குப் போக வேண்டும், மவுண்டில் அந்த இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். வேகம் கணக்குப்படி 10 சதவீதம் கூடும். ஆனால் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் பவர் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும், அதாவது சுமார் 33 சதவீதம் அதிகம். அது மோட்டாரில் சூடாகத் தெரிந்தது: புல்லில் ஐந்து நிமிடம் ஓட்டியதும் 85 டிகிரி செல்சியஸ். 80-ஐத் தாண்ட விடக்கூடாது என்பதால் மறுபடியும் 20. புல்லில் ஓடும் வண்டிக்கு 22 ஆகாது.

பினியனைப் பொருத்தும்போது ஷாஃப்ட்டையும் கிரப் ஸ்க்ரூவையும் (தலையில்லாத சிறு ஸ்க்ரூ) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு நீல த்ரெட் லாக். எண்ணெய்ப் பசை இருந்தால் அது பிடிக்கவே பிடிக்காது. கிரப் ஸ்க்ரூ ஷாஃப்ட்டின் தட்டையான முகத்தில் உட்கார வேண்டும். பிளாஸ்டிக்கில் ஏறும் ஸ்க்ரூவுக்கு த்ரெட் லாக் வேண்டாம், பிளாஸ்டிக் வெடிக்கும். பல் இடைவெளிக்கு வழக்கம்போல் ஒரு துண்டுக் காகிதம்: நடுவில் வைத்து மோட்டாரை அழுத்தி முறுக்கினால், காகிதம் மடிப்போடு கிழியாமல் வெளியே வர வேண்டும்.

டிஃபிலிருந்து சக்கரத்துக்குப் போகும் பின் டிரைவ் ஷாஃப்ட்டுகளில், இரு முனையும் குமிழாக இருக்கும் நாய்எலும்பு வகைக்குப் பதில் சக்கரப் பக்கம் மூட்டு வைத்த சிவிடி. ஷாக்கைக் கழற்றிவிட்டு சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கையை மேலும் கீழும் முழுக்க ஆட்டி, எந்த நிலையிலும் ஷாஃப்ட்டில் அரை மில்லிமீட்டராவது நீளவாட்டு ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடது பக்கம் இல்லை. அப்படியே ஓட்டினால் ஷாஃப்ட் ஹப் (சக்கரம் பொருந்தும் பாகம்) பேரிங்கை வெளியே தள்ளும். கேம்பர் இணைப்பை (சக்கரத்தின் சாய்வை அமைக்கும் கம்பி) ஒரு சுற்று நீட்டியதில் சரியாயிற்று. சிவிடி பின்னைப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூவுக்கும் த்ரெட் லாக் கட்டாயம். அந்த ஸ்க்ரூ கழன்றால் சிவிடி பின் பாதிக்கு வெளியே வந்து ஹப்பைக் கிழிக்கும்.

டிஃப் பெட்டியை மட்டும் அலுமினியத்துக்கு மாற்றவில்லை. குதித்து விழும்போது பிளாஸ்டிக் வளைந்து திரும்பும், அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான். அதற்குப் பதிலாக இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு பட்டை போட்டாயிற்று.

இரண்டு பேட்டரி அரை த்ராட்டிலில் ஓட்டித் திறந்ததில் கிரீஸ் சாம்பல் நிறம், மினுமினுக்கும் துணுக்கு எதுவும் இல்லை. தேய்மானம் இப்போது பல்லின் நடுவில் விழுகிறது. கடகட சத்தம் போய், லேசான ரீங்காரம் மட்டும் இருக்கிறது. அது கூர்மையாகிக்கொண்டே போனால் இறுக்கம் அதிகம் என்று பொருள், ஒரு ஷிம் எடுக்க வேண்டிவரும். முன் டிஃப் அடுத்த வாரம்.