டப்பா மேல் எழுதாதவை: ஜனவரி நாட்குறிப்பு

ஜனவரி 3, 2026, சனி

அப்பாவின் டிரிம்மரில் சார்ஜ் ஏறவில்லை என்று காபிக்கு முன்பே பஞ்சாயத்து. தீபாவளித் தள்ளுபடியில் வாங்கியது. கூட வந்த குட்டை வயரை எங்கோ வைத்துவிட்டு என் லேப்டாப் சார்ஜரைச் சொருகிப் பார்த்திருக்கிறார். "அதே ஓட்டைதானடா? உள்ள போகுது, ஏற மாட்டேங்குது" என்றார். நியாயமான கேள்விதான்.

டைப்-சி சார்ஜர், மறுமுனையில் ஒரு கருவி இருக்கிறது என்று தெரியும்வரை கரண்ட்டை விடாது. அதைத் தெரிவிப்பது கருவிக்குள் இருக்கவேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். சிசி1, சிசி2 என்ற கால்களிலிருந்து கிரவுண்டுக்குப் போகும். பழைய பட்டைவாய் (யூஎஸ்பி-ஏ) சார்ஜருக்கு இந்த விசாரணையெல்லாம் கிடையாது, ஐந்து வோல்ட் எந்நேரமும் திறந்தே கிடக்கும். தொலைந்துபோன குட்டை வயர் அந்தப் பட்டைவாய் ரகம். ஆக ரெசிஸ்டர் இல்லை என்று திறக்காமலே தெரிந்துவிட்டது. இருந்தாலும் திறந்தேன்.

அடிப்பக்கம் ரப்பர் பட்டைக்குக் கீழே இரண்டு திருகு. உள்ளே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பச்சை போர்டு. அதில் ஆர்3, ஆர்4 என்று வெள்ளையில் அச்சடித்து, பற்றவைக்க வெள்ளிப் பொட்டும் விட்டிருக்கிறார்கள். மேலே ஒன்றுமில்லை. வரைந்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அடுக்கும் இடத்தில்தான் யாரோ சில பைசாவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். என் டிராயரில் பச்சை, பழுப்பு, சிவப்பு பட்டை போட்ட ரெசிஸ்டர் இருந்தது. காலை ஒட்ட வெட்டி, பொட்டின் மேல் சாய்வாகப் படுக்கவைத்துச் சால்டர் வைத்து, மேலே டேப் ஒட்டினேன். மூடி உட்காரக் கொஞ்சம் அடம்பிடித்தது. லேப்டாப் சார்ஜரைச் சொருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் அப்பா. இவ்வளவுதான். ஆனால் 'டைப்-சி சார்ஜிங்' என்று டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டவன், 'எல்லா டைப்-சி சார்ஜரிலும் ஏறாது' என்று பொடி எழுத்திலாவது போட்டிருக்க வேண்டாமா?

வயர்களின் கதை இதைவிட மோசம். என் பெட்டியில் இருப்பவை எல்லாம் பார்க்க ஒரே மாதிரி. ஒன்று நொடிக்கு 480 மெகாபிட்டைத் தாண்டாது, பக்கத்தில் இருப்பது அதைப்போல் இருபது மடங்கு அனுப்பும். 60 வாட்டுக்கு மேல் தாங்கவேண்டுமானால் வயரின் தலைக்குள் ஒரு சில்லு இருக்கவேண்டும். இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கு டைப்-சி கட்டாயம் என்றது. ஓட்டையை ஒன்றாக்கிவிட்டார்கள். நான் இன்னும் மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு வயரிலும் எழுதி டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 5, திங்கள்

புதுச் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கப் போனேன். முதல் பெயர், கடைசிப் பெயர். இரண்டும் கட்டாயம். இனிஷியலைப் போட்டால் சிவப்பில் திட்டுகிறது, குறைந்தது இரண்டு எழுத்து வேண்டுமாம்.

வழக்கம்போல் அப்பா பெயரைப் போட்டேன். இனி வரும் மெயில் எல்லாம் அவரைத்தான் 'அன்புள்ள' என்று அழைக்கும். ஆனால் வங்கி அட்டையில் வெறும் இனிஷியல், பான் கார்டில் அது விரிந்து முழுப் பெயர், ஆதாரில் வேறொரு வரிசை. 'பெயர் பொருந்தவில்லை' என்று சரிபார்ப்பில் நின்றுவிட்டது. 2011 கணக்கெடுப்பிலேயே 7.21 கோடிப் பேர் இருந்த மாநிலத்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்பது அந்தப் படிவத்தை எழுதியவருக்கு எட்டவில்லை. அதை எழுதியவரே நம்மூர்க்காரராக இருக்கவும் வாய்ப்புண்டு, அதுதான் எரிச்சல்.

ஜனவரி 8, வியாழன்

அக்கா மகன் பென்டிரைவோடு வந்தான். 1 டிபி, 499 ரூபாய். "ரேட்டிங் நல்லா இருக்கு மாமா. ஸ்கூல் ஆண்டு விழா வீடியோவை எல்லாம் இதுல போட்டுட்டேன். பேரு தெரியுது, ஓட மாட்டேங்குது."

கம்ப்யூட்டரில் சொருகினால் 931 ஜிபி என்று காட்டியது. அந்த வித்தியாசம் மோசடி இல்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. உண்மையான 1 டிபி-யும் 931 என்றுதான் காட்டும். பொய் சொல்கிறவன் அந்தக் கணக்கைக்கூடச் சரியாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறான் பாருங்கள்.

எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு சின்ன புரோகிராம் உண்டு. ஜெர்மன் கணினிப் பத்திரிகை ஒன்றின் உபயம், இலவசம். டிரைவ் முழுக்கத் தெரிந்த எண்களை எழுதி, திரும்பப் படித்து, ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். இந்த டிரைவ் நொடிக்கு 8 எம்பி எழுதுகிறது. முழு 1 டிபி-யையும் நிரப்ப ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகும், அதுவே ஒரு பாதுகாப்புத்தான் விற்றவனுக்கு. 64 ஜிபி மட்டும் எழுதச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனோம்.

திரும்பப் படிக்கும்போது 29 ஜிபி சொச்சம் வரை சரி. அதற்கப்புறம் ஒரு பைட்கூட இல்லை. அதே 1024 கணக்கில் பார்த்தால் உள்ளே இருப்பது 32 ஜிபி சில்லு. அதை இயக்கும் கண்ட்ரோலரிடம் 'யார் கேட்டாலும் ஆயிரம் என்று சொல்' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் டிரைவின் தொடக்கத்தில் இருப்பதால் அது பத்திரமாக இருக்கும், படம் எல்லாம் வரிசையாகத் தெரியும். உள்ளடக்கம்தான் காற்றில் போயிருக்கும். மூலத்தை அழித்துவிட்டானா என்று பயந்துகொண்டே கேட்டேன். நல்லவேளை, வீடியோ எடுத்தவரிடம் இன்னும் இருக்கிறதாம்.

ஸ்டாரைப் பார்த்து வாங்காதே என்றேன். ஐந்து ஸ்டார் போட்டவர்கள் எல்லாம் வந்த அன்றே போட்டவர்கள். 32 ஜிபி நிரம்பும்வரை யாருக்கும் குறையே தெரியாது.

ஜனவரி 10, சனி

அக்கா மகனுக்கு அடுத்த ஆசை. மைன்கிராஃப்ட் விளையாட்டில் தனி உலகம் ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே நடத்தி, சென்னையில் இருக்கும் நண்பர்களையும் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா பையனையும் உள்ளே கூப்பிடவேண்டும். ரூட்டரில் அந்த விளையாட்டுக்கான கதவை, அதாவது 25565 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும், அரைமணி நேர வேலை என்று உட்கார்ந்தேன்.

திறந்தேன். வெளியிலிருந்து யாரும் வர முடியவில்லை. ஃபயர்வாலைத் தளர்த்திப் பார்த்தேன். பலனில்லை. பிறகு ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளிமுகவரியைப் பார்த்தேன். 100.72 என்று தொடங்கியது. அங்கேயே புரிந்துவிட்டது.

100.64இலிருந்து 100.127 வரை தொடங்கும் முகவரிகள் இணையத்தில் யாருக்கும் சொந்தமில்லை. இணைப்பு தரும் நிறுவனங்கள் தங்களுக்குள்ளேயே புழங்கிக்கொள்ள 2012இல் ஒதுக்கப்பட்டவை. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகக் கையிருப்பின் கடைசிக் கட்டுகளை 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுத்து முடித்தாயிற்று. அதனால் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் தெருத்தெருவாக ஆட்களை அடைத்துவைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சிஜிநாட். உள்ளேயிருந்து வெளியே போகலாம், வீடியோ பார்க்கலாம், பணம் கட்டலாம். வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறவருக்கு எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாது. என் ரூட்டரில் நான் எத்தனை கதவைத் திறந்தாலும், தெருமுனை கேட் அவர்களுடையது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன்.

"ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

"தம்பி, எனக்கு நெட் நல்லா வருது. சிஜிநாட்டுக்குப் பின்னாடி இருக்கேன், பொது ஐபி வேணும்."

"ஸ்பீடு எவ்வளவு வருது சார்?"

"ஸ்பீடுல பிரச்சினை இல்லப்பா."

"அப்ப பிரச்சினை இல்லைன்னு கம்ப்ளெய்ண்ட்டை க்ளோஸ் பண்ணிரலாமா சார்?"

அந்தப் பையனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கு முன்னால் இருக்கும் திரையில் அவ்வளவுதான் இருக்கும். மேலே ஒருவரிடம் மாற்றிவிட்டார்கள். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. நிலையான ஐபி வேண்டுமானால் மாதம் தனிக் கட்டணமாம். விளம்பரத் தட்டியில் 200 எம்பிபிஎஸ் என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறார்கள். இது எந்த மூலையிலும் இல்லை.

முகவரித் தட்டுப்பாடே இல்லாத புது முறை ஐபிவி6 இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: என் ரூட்டரில் இருக்கிறது, வேலையும் செய்கிறது. சென்னை நண்பன் ஒருவனின் இணைப்பில் அது இல்லை.

இன்னொன்று. சிங்கப்பூர் சர்வருக்குப் பகலில் பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 45 மில்லிசெகண்ட். இரவு ஒன்பது மணிக்கு மேல் 110. அந்நேரம் டிரேஸ்ரூட் போட்டு வழியைப் பார்த்தால், தகவல் பாக்கெட் மதுரையிலிருந்து மும்பைக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூர் போகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002இலேயே ஐ2ஐ என்று நேர்க் கடலடிக் கேபிள் போட்டாயிற்று. தூரம் ஏறத்தாழ 3000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 30 மில்லிசெகண்ட், அதற்குக் குறைய யாராலும் முடியாது. மதுரை-சென்னைத் தூரத்தையும் சேர்த்தால் 45 என்பது நல்ல கணக்கு. மிச்சம் 65 நெரிசலும் மும்பைச் சுற்றுலாவும். ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் மும்பை கிழக்கே நகர்ந்து வருமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

ஜனவரி 12, திங்கள்

டவுன்ஹால் ரோட்டில் ரேம் விலை விசாரித்தேன். தங்கம் மாதிரி காலையில் ஒரு ரேட், மாலையில் ஒரு ரேட். "அண்ணே, இப்ப சொல்றது இப்பத்தான். வீட்டுக்குப் போய்ட்டுப் போன் போட்டுக் கேக்காதீங்க" என்றார் கடைக்காரர். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் தன்னுடைய க்ரூஷியல் சில்லறை வியாபாரத்தையே பிப்ரவரியோடு முடித்துக்கொள்வதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது. என் பழைய 16 ஜிபி-யே இன்னும் ஒரு வருஷம் ஓடட்டும்.

ஜனவரி 14, புதன், போகி

"அந்த வயர் மூட்டையை இன்னைக்காவது தூக்கிப் போடு" என்று அம்மா விடிகாலையிலேயே தொடங்கிவிட்டார். வயரை எரித்தால் வரும் புகை டயர்ப் புகைக்குக் குறைந்ததில்லை என்று சொல்லி மின்கழிவு எடுப்பவருக்காகத் தனியாகக் கட்டிவைத்தேன். மூட்டைக்கு அடியில் பழைய விளையாட்டு சிடிக்கள்.

ஒன்றை எடுத்து விண்டோஸ் எக்ஸ்பி இருக்கும் பழைய கணினியில் போட்டேன். இருபது வருஷம் ஆகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றி, ஓடியது. சில வருஷம் முன்பு காசு கொடுத்து டவுன்லோடு செய்த கார் பந்தயம் ஒன்று இன்று திறப்பதில்லை. சர்வரை மூடிவிட்டார்கள். நான் தனியாகத்தான் ஓட்டினேன், எதிராளி யாரும் இல்லை. அதற்கும் சர்வர் வேண்டுமாம்.

எனக்கு மட்டும் நடந்ததில்லை இது. 2014இல் வந்த 'தி க்ரூ' பந்தய விளையாட்டை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தினார்கள். தனியாள் ஆட்டமும் சேர்ந்து போயிற்று. அதில் கடுப்பாகி ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் கையெழுத்து தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே வந்துவிட்டது: விற்பது வெறும் உரிமம் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று பொத்தான் போடக்கூடாது. சொன்னால் போதும் என்கிறது சட்டம், மூடக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனாலும் வாங்குமுன் தெரிந்தால் நான் முழு விலை கொடுத்திருக்க மாட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் கரும்பு இன்னும் தீரவில்லை. அக்கா வந்திருந்தாள். மாதாமாதம் 299 ரூபாய் எங்கோ போகிறது, பாரு என்றாள். பையன் ஏதோ விளையாட்டுக்கு ஏழு நாள் இலவசம் என்று கார்டு நம்பரைப் போட்டிருக்கிறான்.

சேர்வதற்கு ஒரே தட்டு. விலகுவதற்கு: புரொஃபைல், செட்டிங்ஸ், கணக்கு, சந்தா, 'சந்தாவை நிர்வகி'. அதற்குள் பெரிய மஞ்சள் பொத்தானில் 'சலுகையைத் தொடர்கிறேன்', கீழே வெளிறிய சாம்பல் எழுத்தில், பொத்தானே இல்லாமல், 'பரவாயில்லை, என் பரிசுகளை இழக்கிறேன்'. அதுதான் வழி. அழுத்தினால் காரணம் கேட்கிறது. காரணம் சொன்னால் பாதி விலை தருகிறேன் என்கிறது.

இந்த வித்தைகளுக்கெல்லாம் நம் நாட்டில் பட்டியலே இருக்கிறது. 2023 நவம்பர் 30 தேதியிட்ட நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களில் 13 வகை. சந்தாப் பொறி அதில் ஒன்று, வெட்கப்படவைத்துச் சம்மதம் வாங்குவது இன்னொன்று. ஒரே திரையில் இரண்டையும் பார்த்தேன்.

ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வரவேண்டும். வந்திருக்கிறது. அக்காவின் மெசேஜ் பெட்டியில், கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்பவற்றுக்கு நடுவில், மாதம் தவறாமல். அவள் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. "பேங்க்கு பேர்ல வர்றதைத் திறக்காதேன்னு நீதானடா சொன்னே?" என்றாள். மெசேஜைத் திறக்கலாம், லிங்க்கைத்தான் தொடக்கூடாது என்று விளக்குவதற்குள் பொங்கல் ஆறிவிட்டது.

ஆப்போடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு அவள் வங்கிக் கணக்கிலேயே தானியங்கி அனுமதிகளின் பட்டியலைத் திறந்தோம். 299ஐ அங்கே ரத்து செய்தேன். இன்னும் மூன்று இருந்தன. இரண்டு தெரிந்தவை. மூன்றாவதில் ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட் பெயர், மாதம் 49 ரூபாய், அது எதற்கென்று அக்காவுக்கும் தெரியவில்லை, அத்தானுக்கும் தெரியவில்லை, பையன் சத்தியம் பண்ணுகிறான். அதையும் நிறுத்திவிட்டேன். வீட்டில் ஏதாவது நின்றுபோய் யாராவது கத்தினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.