மாவளி சுற்றக் கற்ற மூன்று கார்த்திகைகள்

திண்டிவனத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரை ஓரமாக இருக்கிறது எங்கள் ஊர். சின்ன வயதில் கார்த்திகை தீபத்தன்று இருட்டியதும் பெரியப்பா தெருமுனைக்கு வந்து மாவளி சுற்றுவார். கரிப்பொடியைத் துணியில் சுருட்டி, கங்கு பற்றவைத்து, கயிற்றில் கட்டிச் சுழற்றுவதுதான் மாவளி. அவர் தலைக்கு மேல் கயிறு சுழல, பொறி குடை விரித்த மாதிரி கொட்டும். பிள்ளைகள் எல்லாம் எட்ட நின்று "மாவளியோ மாவளி" என்று கத்துவோம். அப்புறம் படிப்பு, வேலை, சென்னை வாசம். ஒரு கார்த்திகைக்கு என் மகன் கையில் கம்பி மத்தாப்பை வைத்துக்கொண்டு, "நீ சொன்ன மாவளி இதுதானாம்மா?" என்று கேட்டான். வாயால் சொல்லி விளக்க முடியவில்லை. செய்து காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு மூன்று கார்த்திகை ஆனது.

2022, டிசம்பர் 6

இடம் எங்கள் மொட்டை மாடி. இஸ்திரிக் கடைக்காரரிடம் ஒரு கிலோ கரி வாங்கி, மிக்சியில் பொடித்து, பழைய துப்பட்டாவில் சுருட்டிக் கட்டினேன். பனை மட்டை கிடைக்காததால் இரண்டு மூங்கில் குச்சிகளுக்கு நடுவே அதை வைத்து இறுக்கினேன். நெருப்பில் காட்டியதும் துணி உருகிச் சொட்டத் தொடங்கியது. துப்பட்டா பருத்தி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதோடு விட்டிருக்கலாம். பழைய தலையணை உறை ஒன்றைக் கிழித்து மறுபடி கட்டினேன். கரி கனன்றது, சுற்றினேன், நாலைந்து பொறி விழுந்தது, அவ்வளவுதான். மகன் பொறுமையாகப் பார்த்துவிட்டு அகல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டான்.

அன்று இரவே பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். "கடைக்கரில எங்கம்மா பொறி வரும்? அது கட்டைக்கரி. மாவளிக்குப் பனம்பூக் கரிதான் வேணும். பூவ ஆடி மாசத்துலயே பொறுக்கி வச்சிருக்கணும்" என்றார். நான் பார்த்ததெல்லாம் கார்த்திகை ராத்திரியை மட்டும்தான். அதற்கு முன்னால் நாலு மாத வேலை இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

2023, ஆடி முதல் கார்த்திகை வரை

ஆடியில் ஊருக்குப் போனோம். பெரியப்பா கையில் சாக்கோடு ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நுங்கு காய்ப்பது பெண் பனை. ஆண் பனை காய்க்காது, விரல் விரலாகப் பாளை விட்டுப் பூக்கும். பூத்து முடிந்ததும் அந்த விரல்கள் காய்ந்து மரத்தடியில் உதிரும். ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் நீளம், பழுப்பு நிறம், மேலெல்லாம் செதில். ஊரில் பனம்பூ என்று சொல்வது இதைத்தான். அடுப்பெரிக்கத் தவிர வேறு எதற்கும் யாரும் எடுக்க மாட்டார்கள்.

அந்தக் கரையில் இப்போது நிற்பவை பதினோரு பனைகள், அதில் ஆண் மரம் நான்கு. தன் சின்ன வயதில் கரை முழுக்க வரிசையாக நின்றது என்றார் பெரியப்பா. பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. எங்கள் கரையில் பாதிக்கு மேல் அதற்கு முன்பே செங்கல் சூளைக்குப் போய்விட்டது. மரம் போனால் மாவளி எங்கிருந்து வரும் என்ற எண்ணம் எனக்கு அந்தச் சாக்கைச் சுமந்து திரும்பும்போது வந்தது, இன்றும் போகவில்லை.

கரி சுடுவதுதான் இதில் பெரிய வேலை. கொல்லையில் இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டினோம். நன்றாக வெயிலில் காய்ந்த பூவை அதில் நிரப்பித் தீ வைத்தோம். பற்றிக்கொண்டு எரியும்போது மூடினால் உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். தாமதித்தால் சாம்பல்தான் மிஞ்சும். தழல் அடங்கி எல்லாம் சிவந்து நிற்கிற நேரத்தில் பச்சைத் தழையைப் பரப்பி, மேலே மண்ணைத் தள்ளி, காற்றுப் புகாமல் மூட வேண்டும். அந்த நேரத்தைப் பெரியப்பா கண்ணால் பார்த்துச் சொல்கிறார். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. முதல் குழியை மூட நான் தாமதித்துவிட்டேன், பாதி சாம்பல். இரண்டாவது குழியில் அவர் "இப்ப" என்று சொன்ன நொடியில் மண்ணைத் தள்ளினோம். மறுநாள் காலையில் திறந்தால், பூவின் செதில்கூட அழியாமல் அப்படியே கருத்துக் கிடந்தது. கையில் எடுத்தால் எடையே இல்லை. விரலால் அழுத்தினால் கரகரவென்று நொறுங்கியது. இஸ்திரிக் கடைக் கரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த விரல்நுனியிலேயே தெரிந்தது.

அந்த வருடம் நவம்பர் 26 கார்த்திகை. கரியைச் சென்னைக்குக் கொண்டுவந்து மிக்சியில் அரைத்து, மாவு சல்லடையில் சலித்தேன். தவறு அங்கேதான். பொடி மை மாதிரி ஆகிவிட்டது. சுற்றியபோது பொறி வந்தது, ஆனால் மங்கலான புகைபோலச் சிதறி ஒரு முழ தூரத்திலேயே அணைந்தது. முந்தைய வருடத்துக்குப் பரவாயில்லை. மகன் முதல் முறையாக "மாவளியோ மாவளி" என்று கத்தினான். எனக்குத்தான் மனம் நிறையவில்லை.

2024

இந்த முறை எல்லாமே ஊரில், பெரியப்பா கண் முன்னால். ஆடியில் பொறுக்கி, ஆவணியில் சுட்ட கரியை மண்பானையில் போட்டுத் துணி கட்டிப் பரணில் வைத்திருந்தோம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. எங்கள் வீட்டு ஓடும் ஒழுகியது. மழை விட்டபின் பெரியப்பா பானையைத் திறந்து பார்த்துவிட்டுப் போன் செய்தார், கரி நமுத்துப் போயிருந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். பெரியம்மா அதை இரும்புச் சட்டியில் கொட்டி, அணைந்த விறகடுப்பின் சூட்டில் வைத்து வைத்து எடுத்து, நாலு நாளில் பழையபடி கரகரவென்று ஆக்கிவிட்டார்.

இனி நான் கற்றுக்கொண்ட பக்குவம். கரியை அம்மியில் வைத்து நுணுக்க வேண்டும், அரைக்கக் கூடாது. ரவை மாதிரி நறநறவென்று இருக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு துணுக்கும் சுழற்சியில் தனியே பிய்ந்து, காற்றில் எரிந்துகொண்டே பறக்கும். பெரிய துணுக்கு இருந்தால் எரியாமலே கீழே விழும். கூட ஒரு பிடி கல் உப்பு நுணுக்கிப் போட்டார் பெரியப்பா. படபடவென்று வெடிக்குமாம்.

துணி பழைய பருத்தி வேட்டி. அதை நீளவாக்கில் கிழித்து, கரியைப் பரப்பி, இரண்டு விரல் தடிமனில் ஒரு சாண் நீளத்துக்குச் சுருட்டி, விரலுக்கு விரல் நூல் கட்டினோம். என் கட்டு எல்லாமே தளர்வு என்று பெரியப்பா இரண்டு முறை அவிழ்க்க வைத்தார். "பொடி உள்ள ஆடக் கூடாதும்மா. கல்லு மாதிரி இருக்கணும்." மூன்றாவது கட்டை நகத்தால் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். அப்புறம் பச்சைப் பனை மட்டையை மூன்றாகப் பிளந்து, நடுவில் சுருளை வைத்து, இரண்டு முனையையும் கட்டி, ஒரு முனையில் மூன்று முழக் கயிறு. மட்டை பச்சையாக இருந்தால்தான் சீக்கிரம் தீப்பிடிக்காது.

டிசம்பர் 13 பெரிய கார்த்திகை. தொலைக்காட்சியில் ஆறு மணிக்கு அண்ணாமலையார் மலை மேல் தீபம் ஏறியதைப் பார்த்துத்தான் எங்கள் தெருவில் வாசல் விளக்கு ஏற்றுவார்கள். ஏற்றினோம், ஆனால் தூறல் நிற்கவில்லை, விளக்கைத் திண்ணைக்கு மாற்றினோம். பெரியம்மா நெல்பொரியில் உருண்டை பிடித்தார். வெல்லப் பாகு தண்ணீரில் விட்டால் உருண்டு, தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும் என்று என் மகளுக்குக் காட்டினார். உருண்டை தின்றபடி எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாவளி அன்று இல்லை. மறுநாளும் இல்லை.

மூன்றாம் நாள் எங்கள் ஊரில் குப்பைக் கார்த்திகை, எருக்குழியில் விளக்கு வைக்கும் நாள். சாயங்காலம் மழை விட்டது. வைக்கோல் போருக்கு எதிர்ப்பக்கமாக, ஏரிக்கரை மேட்டில் போய் நின்றோம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், நனைத்த சாக்கு. எல்லோருக்கும் பருத்தி உடை, பிள்ளைகள் பதினைந்தடிக்கு அப்பால். பெரியப்பா ஓட்டுச் சில்லில் கொண்டுவந்த தணலில் சுருளின் முனையை வைத்து ஊதினார். மாவளிக்குச் சுடர் கூடாது, கங்குதான் வேண்டும். முனை நன்றாகச் சிவந்ததும் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் நாலு சுற்றில் ஒன்றுமில்லை. "வேகமா, வேகமா" என்றார். காற்றுப் பட்டுக் கங்கு வெள்ளையாகக் கனன்றது. சட்டென்று என்னைச் சுற்றிப் பொறி கொட்டத் தொடங்கியது. ஆரஞ்சு நிறம், வேறு எந்த நிறமும் இல்லை. உப்பு படபடத்தது. தரை ஈரமாக இருந்ததால் விழுந்த பொறியெல்லாம் ஸ்ஸென்று அணைந்தது, அந்தச் சத்தம் சின்ன வயதில் கேட்டதாக நினைவில்லை. தோள் வலித்தது, நிறுத்த மனம் வரவில்லை. ஏரித் தண்ணீரில் இன்னொரு வட்டம் சுற்றுவதை மகள்தான் முதலில் பார்த்துக் கத்தினாள். ஏறத்தாழ பத்து நிமிடம் நின்றது.

அடுத்த சுருளை மகன் சுற்றினான், பெரியப்பா அவன் பின்னால் நின்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கையை வீசக் கூடாது, மணிக்கட்டுதான் சுழல வேண்டும் என்று அவனுக்குச் சொன்னார். அதை எனக்குச் சொல்லவில்லை, அதனால்தான் தோள் வலித்திருக்கிறது. தெருப் பிள்ளைகள் ஆறேழு பேர் வந்துவிட்டார்கள். எங்களிடம் இருந்தது மொத்தம் நாலு சுருள். கடைசிப் பிள்ளைக்குக் கயிறு கிடைக்கவில்லை.

ஒரு சாக்குப் பூவில் இரண்டு படி கரி, அதில் நாலு சுருள். வருகிற ஆடிக்கு மூன்று சாக்கு எடுத்துப் போகிறோம். குழியை மூடும் நேரத்தை இந்த முறை நான் சொல்கிறேன், நீங்கள் சரியா என்று மட்டும் பாருங்கள் என்று பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.