அழுத்தினால் போகிற கல்

"சார், லேசா அழுத்தினா போயிடுது. இதைத் தட்டைன்னு வைக்கவா, வேண்டாமா?"

லேபில் உதவிக்கு இருந்த தம்பி கேட்டது இது. அவர் கையில் 20 மி.மீ. சல்லடையில் இறங்கி 16-ல் நின்ற ஒரு ஜல்லி. கல்லின் தடிமனைப் பார்க்கிற தகடான கேஜில் அதற்குரிய ஸ்லாட், அதாவது துளை, 10.8 மி.மீ. ஒரு முனை உள்ளே இறங்கிவிட்டது, நடுவில் இருந்த புடைப்பு மட்டும் தட்டி நின்றது. கட்டைவிரலை வைத்தால் கரகரவென்று உரசிக்கொண்டு கீழே விழும்.

"விரலை எடுத்துடு. தானா போனாத்தான் தட்டை" என்றேன்.

அந்த மாதிரிக் கற்கள் இன்னும் சில இருந்தன. கடைசியில் பிளேக்கினஸும் (தட்டைக் கற்களின் பங்கு) எலாங்கேஷனும் (நீட்டுக் கற்களின் பங்கு) சேர்த்துப் பார்த்தால் 35-க்குச் சற்றுக் கீழே. சாலை வேலைக்கு வந்த ஜல்லி, 35 சதவீதம்தான் எல்லை. லோடு பாஸாகி இறங்கியது.

நான் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். சராசரி அளவில் 0.6 பங்குக்கும் மெலிந்தது தட்டை, 1.8 மடங்குக்கும் மேல் நீண்டது நீட்டு என்கிறது ஜல்லிச் சோதனைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2386. எவ்வளவு அழுத்தலாம் என்று அதில் இல்லை. உரசினால்தான் போகும் என்றால் அந்தக் கல் 10.8-ஐவிடத் தடிமன், அவ்வளவுதானே? ஐரோப்பிய முறையில் கம்பிச் சல்லடையில் போட்டு ஆட்டுகிறார்கள். அங்கே விரலுக்கு வேலையே இல்லை.

ஆனால் அந்த ஸ்லாட்டின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். தம்பி அழுத்திப் பார்த்தபோது கல் தன் புடைப்பை உதிர்த்துத்தான் உள்ளே போயிருக்கிறது. மிச்சம் இருந்தது தட்டைக் கல்தான். கட்டைவிரலுக்கே உதிர்கிற புடைப்பு ரோலருக்கு அடியில் நிற்குமா? தட்டைக் கல் ரோலர் ஏறினால் முறியும், பரப்பினால் படுத்துக்கொள்ளும் என்பதால்தான் இந்தச் சோதனையே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தட்டை இல்லை என்று நான் தள்ளியவை அடுத்து நீள கேஜுக்குப் போயின. அங்கே சில, நீட்டு என்று மாட்டிக்கொண்டன. எப்படியும் கணக்கில் வந்துவிட்டனவே என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அங்கேயும் மாட்டாமல் தப்பியவை மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை, அதையும் தெரிந்துகொண்டேதான். கல் உடைக்கும் கிரஷர்காரர்களிடம் மெஷின் வாய் நிறையக் கல் கொடுத்து ஓட்டுங்கள், தட்டை குறையும் என்று சொல்லி அனுப்பினேன். அது உண்மையிலேயே பலன் தருகிற யோசனை.

அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தேன். அழுத்தினால் போகிற கற்களுக்குத் தனி டிரே, ரெஜிஸ்டரில் தனி எடை. "ரிப்போர்ட்ல எது சார் போகும்?" என்றார் தம்பி. விரல் படாத கணக்குதான் என்றேன். அதில் மாற்றமில்லை.

என்னை உறுத்துவது வேறு. கணக்கு 22 சதவீதம் வருகிற நாளில் அந்தத் தனி டிரேயை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 34 வந்தால்தான் ஒவ்வொரு கல்லாக எடுத்துப் புரட்டிக்கொண்டு நிற்கிறேன்.